வளையலுக்குள் நுழையாத கட்டை

சுள்ளி அண்ணாச்சி ஒரு பொய்யர்.

கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கோபமாகத்தான் இருக்கிறேன். ஆனால் ஒரு வருடம் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எங்கள் தூத்துக்குடி திரேஸ்புரத்தில் பொய் சொல்லத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சம் இல்லை. வலையில் பட்ட மீனைவிட வாயில் பட்ட மீன்தான் இங்கே அதிகம். அதையெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சுள்ளி அண்ணாச்சி அந்த வகை இல்லை. எனக்குத் தெரிந்து அவர் ஒரே ஒரு பொய்தான் சொன்னார். முக்காணிப் பாலத்துப் பக்கம், பட்டப்பகலில், என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். சொன்ன நாலாம் நாள் ஊரை விட்டே போய்விட்டார்.

தூத்துக்குடியில் விறகைக் கண்டால் அடுப்பு ஞாபகம் வராத ஒரே மனிதர் அவர்தான். அவருக்கு வேன் ஞாபகம் வரும்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. ரேஷன் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கலாம். மணப்பாட்டுக்காரர். கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை பார்த்ததாகச் சொல்வார். அதையே நான் ரொம்ப நாள் நம்பவில்லை. ஊர் ஊராகப் போய் வந்தவர் என்றால் ஊரைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டாமா? சிங்கப்பூர் எப்படி இருக்கும் என்று கேட்டால், "அங்கன ரப்பர் கட்டை நல்லா கெடைக்கும்வே, ஆனா உள்ள பால் காயவே காயாது" என்பார். துபாய் என்றால், "மரமே கெடையாது, பாவம்" என்று உண்மையிலேயே வருத்தப்படுவார். இப்படி ஒரு ஆளை நம்புவீர்களா? நான் நம்பவில்லை.

எனக்குத் தெருவில் ஒரு லேத் பட்டறை இருக்கிறது. போட் இன்ஜினுக்கு ஷாப்ட் கடைவது, புஷ் போடுவது, இதுதான் என் வேலை. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு நாள் காலையில் வந்து நின்றார். ஒல்லியான ஆள். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் இரண்டு மரத்துண்டு.

"லேத்துக்காரரே, இந்த அளவுக்கு ஒரு வளையம் கடைஞ்சு தாரும்."

"எதுக்கு அண்ணாச்சி?"

"சொன்னா நம்ப மாட்டீரு."

"சொல்லுங்க. நம்புததா வேண்டாமான்னு நான் பாத்துக்கிடுதேன்."

"வேனுக்கு அடுப்பு."

அவர் சொன்னது சரி. நான் நம்பவில்லை.

ஆனால் அந்த மனிதர் அதைச் செய்துவிட்டார். பேக்கரிக்காரர் ஒருவர் கழித்துப் போட்ட பழைய பெட்ரோல் வேன் ஒன்றை எங்கிருந்தோ இழுத்து வந்தார். அதன் பின்பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு டிரம்மை நட்டார். மூடிய டிரம்முக்குள் கட்டையைப் போட்டு, காற்றைக் கொஞ்சமாக விட்டு எரித்தால், அது முழுசாக எரியாமல் வாயுவாக மாறுமாம். அந்த வாயுவைக் குழாயில் இழுத்து, வடிகட்டி, ஆறவைத்து இன்ஜினுக்குள் விட்டால் வண்டி ஓடுமாம். ஓடியது. வேனின் ஒரு பக்கத்தில் பேக்கரிக்காரர் வரைந்த மூன்றடுக்குக் கேக் அப்படியே இருந்தது. அதன் உச்சியிலிருந்து புகை கிளம்பும். பார்த்தவர்களுக்கு யாரோ மெழுகுவர்த்தியை ஊதி அணைத்த மாதிரி இருக்கும்.

வேனாவது பரவாயில்லை. கட்டைதான் பெரிய பாடு.

சாத்தான்குளம் பக்கத்து முள்ளுக்காட்டிலிருந்து உடைமரக் கட்டை கொண்டுவருவார். விறகுக் கடையில் நாமெல்லாம் தூக்கிப் போட்டு வாங்கி வருகிற கட்டைதான். அவர் அதை ரம்பத்தால் துண்டு போட்டு, அரிவாளால் பிளந்து, பட்டையை உரித்து, ஒவ்வொரு துண்டையும் ஒரு எவர்சில்வர் வளையலுக்குள் விட்டுப் பார்ப்பார். வளையலுக்குள் நுழைந்தால் பாஸ். நுழையாவிட்டால் மறுபடியும் அரிவாள். சோடா மூடியைவிடச் சின்னதாகப் போய்விட்டால் அதுவும் பெயில், டீக்கடை அடுப்புக்குப் போய்விடும். ஒரு சாக்கு நிறைய ஒரு நாள் ஆகும்.

"இவ்வளவு எதுக்கு அண்ணாச்சி? வெறகுதான?" என்று கேட்டேன்.

"நீளமா இருந்தா டிரம்முக்குள்ள ஒண்ணுக்கொண்ணு முட்டுக் குடுத்துக்கிட்டு நிக்கும். கீழ தீ வாயத் தொறந்துக்கிட்டு இருக்கும், மேலருந்து ஒண்ணும் எறங்காது. பொடியா இருந்தா அடச்சிக்கிடும், காத்துப் போவாது. எங்க பாட்டன் முத்துச் சலிச்சவன்வே. சல்லடைல நின்னது ஒரு ரகம், விழுந்தது ஒரு ரகம். நான் கட்டை சலிக்கேன், அவ்வளவுதான்."

தெருக்காரர்கள் அவருக்குச் சுள்ளி என்று பெயர் வைத்ததில் அவருக்குப் பெரிய வருத்தம். "சுள்ளின்னா குச்சிவே. நான் குச்சியத் தொடுததே கெடையாது. இது துண்டு" என்று ஒவ்வொருவரிடமும் நின்று விளக்குவார். விளக்க விளக்கப் பெயர் இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொண்டது.

அளவு முடிந்தால் ஈரம். கட்டையில் ஈரம் இருந்தால் வாயு வராது, வெறும் புகைதான் வரும். அதனால் இரண்டு துண்டுகளைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டுவார். 'ணங்' என்றால் காய்ந்தது. 'தொப்' என்றால் ஈரம். காலையில் ஆறு மணிக்குத் தெருவில் நடந்தால் ணங், தொப், ணங், தொப் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். என் மனைவி லில்லி முதல் மாதம் செபமாலையைக் கையில் எடுத்துவிட்டாள். அவர் ஏதோ செய்வினை வைக்கிறார் என்று அவளுக்குச் சந்தேகம். எனக்கு அந்தச் சந்தேகம் இல்லை. எனக்கு வேறு சந்தேகம் இருந்தது. அதற்கு வருகிறேன்.

காது போதாது என்று பேக்கரிக்கும் போவார். ஒரு துண்டைத் தராசில் எடை போட்டு, ரொட்டி அடுப்பின் ஓரத்தில் வைத்து, எடுத்து மறுபடி எடை போடுவார். எடை எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு ஈரம். ஒரு நாள் அந்தத் துண்டு ரஸ்க் தட்டோடு கலந்து போய்விட்டது. அன்றைக்கு ரஸ்க் வாங்கிப் போன பெரியவர் மறுநாள் வந்து, "நேத்து ரஸ்க் பதமா இருந்துச்சே, அதே மாதிரி குடும்" என்று கேட்டாராம். பேக்கரிக்காரர் சொன்னது இது. நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

காயப்போடுவதற்கு இடம் வேண்டுமே. எங்கள் தெருவில் வெயில் படுகிற மொட்டை மாடியெல்லாம் கருவாட்டுக்குச் சொந்தம். கருவாடு விற்கிற ரோசம்மா மாடியில் பாதியைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினார். தினமும் சண்டை.

"ஏய் சுள்ளி அண்ணாச்சி! ஓம்ம சாக்கு நெழலு எங் கருவாட்டு மேல விழுது. எடுத்துத் தொலையும்!"

"ஏளா ரோசம்மா, ஒங் கருவாட்டு ஈரம் எங் கட்டைல ஏறுது. அத நான் யார்ட்ட போய்ச் சொல்ல?"

"கட்டைல ஏறுனா என்ன, வேனு மணக்குந்தானே?"

மணந்தது. கட்டையில் கருவாட்டு நெடி ஏறி, வேன் கிளம்பினால் தெரு முழுக்கச் சாளைக் கருவாடு வறுக்கிற வாசம் அடித்தது. பூனைகள் வேனுக்குப் பின்னால் ஓடும். ஒரு நாள் எண்ணினேன், பதினெட்டு. அதில் இரண்டு எங்கள் தெருப் பூனையே இல்லை. ஆனாலும் ரோசம்மாவின் கருவாட்டு மூட்டைகளைச் சாத்தான்குளம் சந்தைக்கு ஏற்றிக்கொண்டு போவது அந்த வேன்தான். திரும்பும்போது கட்டை வரும். அதனால் சண்டை போட்டாளே தவிர, மாடியைக் காலி செய்யச் சொல்லவில்லை.

கச்சான் அடிக்கிற காலத்தில் அண்ணாச்சியைக் கையில் பிடிக்க முடியாது. கச்சான் மேற்கே இருந்து வருகிற காய்ந்த காற்று. கட்டை இரண்டே வாரத்தில் 'ணங்' என்று சொல்லிவிடும். கொண்டல் அடித்தால் போச்சு. அது கடலிலிருந்து ஈரத்தைத் தூக்கிக்கொண்டு வரும். கொண்டல் நாட்களில் சாக்குகளுக்குக் கம்பளி போர்த்தி, காய்ச்சல்காரனைப் பார்ப்பது போல மணிக்கு ஒரு தடவை தொட்டுப் பார்ப்பார்.

இப்போது போலீஸ் விஷயம். நம் துறைமுகத்தில் செம்மரம் பிடிபட்ட செய்தி பேப்பரில் வராத வருடம் உண்டா? ஒரு ஆள் மரத்தைப் பொடிப்பொடியாக வெட்டி, பட்டை உரித்து, அளவு பார்த்து, சாக்கில் கட்டி அடுக்கினால் சந்தேகம் வராதா? போலீசுக்குப் போன் செய்தது நான் இல்லை. டீக்கடையில் வைத்து "செம்மரமா இருக்குமோ" என்று கொஞ்சம் சத்தமாகச் சொன்னது மட்டும்தான் நான்.

எஸ்.ஐ. ஒருவர் இரண்டு பேரோடு வந்து இறங்கினார். சாக்கைக் கொட்டினார்கள். மோந்து பார்த்தார்கள்.

"இது யாருக்குப் போகுது?"

"வேனுக்கு ஸார்."

"வேன்ல யாருக்குப் போகுது?"

"வேனுக்கேதான் ஸார். வேன்தான் தின்னும்."

"வேன் கட்டை தின்னுமா?"

"ஒரே அளவா இருந்தாத் தின்னும் ஸார். சின்னதும் பெருசுமாக் குடுத்தா வயித்துல நிக்கும், இருமும்."

எஸ்.ஐ. வளையலைப் பார்த்துவிட்டார். "இது யாரு வளையல்?"

"எம் பெஞ்சாதியோடது ஸார். அவ போய்ச் சேந்துட்டா. அளவு இருக்கு."

எஸ்.ஐ. வளையலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதோடு போயிருக்கலாம். "சரி, எப்படித்தான் ஓடுது?" என்று ஒரு வார்த்தை கேட்டுத் தொலைத்தார். காலையில் வந்தவரை அண்ணாச்சி மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் விட்டார். போகும்போது அந்த எஸ்.ஐ. கையில் இரண்டு துண்டுகளை வைத்துக் காதோரம் தட்டிக்கொண்டே ஜீப்பில் ஏறினார்.

இவ்வளவு பார்த்தும் என் சந்தேகம் போகவில்லை. நான் இன்ஜினோடு முப்பது வருடம் பழகியவன். பெட்ரோலை ஊற்றினாலே முக்கி முனகுகிற அந்தக் கிழட்டு வேன், உடைமரக் கட்டையில் ஐம்பது கிலோமீட்டர் போகுமா? எங்கேயோ பெட்ரோல் ஒளிந்திருக்கிறது. கட்டை வெறும் வேஷம். இதுதான் என் முடிவு. சாக்கு போகிறது, சாக்கு வருகிறது. போன கட்டையே திரும்பி வரவில்லை என்று யார் கண்டது?

ஒரு நாள் ஆட்டோ ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் இதை நேரிலேயே சொல்லிவிட்டேன். ஆட்டோக்கார அந்தோணி, ரோசம்மா, இன்னும் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். கோபத்தில் 'நீங்க' போய் 'நீரு' வந்துவிட்டது.

"ஓம்ம வேன் பெட்ரோல்லதான்வே ஓடுது. ஊரையே ஏமாத்துதீரு."

அண்ணாச்சி டீயைக் கீழே வைத்தார். "பெட்ரோல் டாங்கியக் கழத்தி ஓம்ம பட்டறைலயே வச்சுக்கிடும். திங்கக்கெழம சாத்தான்குளம் போய்ட்டுத் திரும்பி வாரேன். நீரும் கூட வாரும். வழில நின்னுச்சின்னா, வேனப் பிரிச்சுப் போட்டுட்டு இந்தத் தெருவ விட்டுப் போயிருதேன். ஓடிட்டுன்னா நீரு என்ன செய்வீரு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "மீசைய எடுக்கேன்" என்றேன்.

என் மீசை திரேஸ்புரத்தில் கொஞ்சம் பேர் வாங்கியது. அந்தோணி உடனே நடுவர் ஆகிவிட்டான். "ஏ எல்லாரும் கேட்டுக்கிடுங்க! ஒரு பக்கம் வேனு, ஒரு பக்கம் மீசை!"

ரோசம்மா மட்டும் சிரிக்கவில்லை. "ஒங்க வெளையாட்டு மயித்துல வேனு போச்சுன்னா எங் கருவாட்ட எவன் சந்தைக்குக் கொண்டு போவான்?" என்று கேட்டாள்.

டாங்கியைக் கழற்றிப் பட்டறையில் வைத்தேன். முகர்ந்து பார்த்தேன். குச்சி விட்டுப் பார்த்தேன். சீட்டுக்கு அடியில், டாஷ்போர்டுக்குப் பின்னால், ஸ்டெப்னிக்குள்கூடத் தேடினேன். ஒன்றும் இல்லை. சந்தேகம் குறைய வேண்டுமா இல்லையா? கூடியது. இவ்வளவு தேடியும் கிடைக்காதபடி ஒளித்து வைத்திருக்கிறாரே என்று கூடியது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அடையாளம் போட்ட துண்டுகளைச் சாக்குக்குள் கலந்துவிட வேண்டும். சாயங்காலம் அவை சாக்கோடு திரும்பி வந்தால் வேஷம் கலைந்தது. என் ஒற்றர்கள் சாட்சி சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிப் பூசைக்குத் தெருவே போய்விட்டது. நான் கால்வலி என்று சொல்லி வீட்டில் இருந்துகொண்டேன். பட்டறைக்குப் பின்னால் உடைத்துப் போட்ட பழைய மீன்பிடி வள்ளம் ஒன்றின் பலகைகள் கிடந்தன. எங்கள் ஊரில் வள்ளப் பலகைதான் முதல்தரமான விறகு. நின்று எரியும். அதை எடுத்தேன். ஆணிகளைப் பிடுங்கினேன். நீலப் பெயிண்டை உளியால் சுரண்டி, அடையாளத்துக்கு ஒரு ஓரத்தில் மட்டும் நூல் அகலத்துக்கு விட்டுவைத்தேன்.

துண்டு போட உட்கார்ந்தபோதுதான் அதன் பாடு தெரிந்தது. அண்ணாச்சி வளையலைத் தன் வீட்டு வாசலிலேயே ஆணியில் மாட்டிவைத்திருப்பார். அதை எடுத்து அளந்தால், முதல் பதினைந்து துண்டில் ஒன்றுகூட நுழையவில்லை. கட்டைவிரலில் அரிவாள் பட்டது. விடவில்லை. இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு இரும்பு கடைகிறவன் நான், எனக்குக் கட்டை அடங்காதா? கடைசியில் நூறு துண்டுக்கு மேல் போட்டேன், ஒவ்வொன்றும் வளையலுக்குள் வழுக்கிக்கொண்டு போனது. காதில் வைத்துத் தட்டினேன். 'ணங்'! அவருடைய உடைமரத்தைவிடச் சுத்தமான 'ணங்'. கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. வேனில் ஏற்றத் தயாராக இருந்த முதல் சாக்கின் அடியில் கலந்து, வாயைக் கட்டி, வளையலை ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை. சாக்கை அண்ணாச்சி தொடக் கூடாது, அந்தோணிதான் தட்ட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். என் சந்தேகம் அப்படி. அந்தோணி சாக்கை அப்படியே டிரம்முக்குள் கவிழ்த்தான். அண்ணாச்சி தள்ளி நின்றார். கை பரபரத்துக்கொண்டே இருந்தது. "ஏலே பைய, பைய! பிள்ளையத் தொட்டில்ல போடுத மாதிரிப் போடுல!"

தீ வைத்து, காற்றாடியைக் கையால் சுற்றி, குழாய் நுனியில் நெருப்பைக் காட்டினார். வாயு நீலமாகப் பற்றியது. வேன் ஸ்டார்ட் ஆகிவிட்டது. அண்ணாச்சி, நான், அந்தோணி மூன்று பேரும் முன்சீட்டில். பின்னால் ரோசம்மாவின் மூட்டைகள், அதற்கும் பின்னால் பூனைகள்.

உப்பளங்களைத் தாண்டினோம். பழையகாயல் வந்தது. வேன் ஓடியது. பெட்ரோல் இல்லாமல், டாங்கி இல்லாமல், என் கண் முன்னால் ஓடியது. நான் மூன்று தடவை குனிந்து காலடியில் பார்த்தேன். அண்ணாச்சி முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். ஏதோ ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையை முதல் தடவையாக வீட்டுக்குக் கொண்டுபோகிறவர் மாதிரி. "சத்தத்தக் கேட்டீராவே? கேட்டீரா? இருமல் இருக்கா?" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டார். நான் மீசையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

முக்காணி தாண்டி, பாலம் ஏறுவதற்கு முன்னால் வேன் இருமியது. மறுபடி இருமியது. நின்றுவிட்டது.

அண்ணாச்சி இறங்கிப் போய் டிரம்மைக் கம்பியால் குத்தினார். அடி மூடியைத் திறந்தார். சாம்பல் சாம்பலாக இல்லை. உருகி இறுகி, பச்சையும் கறுப்புமாக, உடைந்த சோடா பாட்டிலைக் கொட்டி வைத்த மாதிரி டிரம்மின் அடிச் சல்லடையை அடைத்துக்கொண்டு நின்றது. முப்பது வருடம் கடல் தண்ணீரில் ஊறிய பலகையில் எவ்வளவு உப்பு இருக்கும், அது சாம்பலை உருக்காமல் விடுமா? மீன் எண்ணெய் எவ்வளவு குடித்திருக்கும்? இது எனக்கு அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது. ஈரத்தைக் காது சொல்லிவிடும். உப்பு சத்தம் போடாது.

பிறகு மேல் மூடியைத் திறந்து உள்ளே கைவிட்டார். எரியாத துண்டு ஒன்றை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் நூல் அகலத்துக்கு நீலம். மோந்து பார்த்தார். நாக்கில் வைத்துப் பார்த்தார். தெருவிலேயே நீல வள்ளம் ஒன்றுதான் உடைக்கப்பட்டுக் கிடந்தது, அது யார் பட்டறைக்குப் பின்னால் என்று எல்லாருக்கும் தெரியும்.

நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தோணி கேட்டான்: "என்ன அண்ணாச்சி ஆச்சு?"

அண்ணாச்சி துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தோணியைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"ஈரம். நேத்து கொண்டல் அடிச்சிதுல்லா. நான் சரியாப் பாக்கல. எந் தப்பு."

"நேத்து கச்சான்லா அடிச்சுது?" என்றான் அந்தோணி.

"கீழதான்ல கச்சான். மாடில கொண்டல்."

இதுதான் அந்தப் பொய். இவ்வளவு மட்டமான பொய்யை நான் கேட்டதே இல்லை. சொல்லத் தெரியாத ஆள் சொன்ன பொய்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. உப்பு லாரி ஒன்று கயிறு கட்டி இழுத்து வந்தது. தெருவே கூடி நின்று பார்த்தது. அந்தோணி என் மீசை ஜெயித்துவிட்டது என்று அறிவித்தான், யாரோ கை தட்டினார்கள். அண்ணாச்சி ஆட்டோ ஸ்டாண்டில் நின்று இன்னொரு தடவை, எல்லார் காதும் கேட்க, "எந் தப்பு" என்றார். ரோசம்மா மூட்டைகளைத் தலையில் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். வீட்டுக்கு வந்தால் லில்லி, "கால்வலி போயிட்டா?" என்று கேட்டாள்.

மூன்று நாளில் டிரம்மைக் கழற்றினார். குழாய், வடிகட்டி, நான் கடைந்து கொடுத்த வளையம் எல்லாவற்றையும் என் பட்டறை மூலையில் கொண்டுவந்து அடுக்கினார். "இரும்புதான. ஓம்ம பட்டறைக்கு ஆவும்" என்றார். நான் ஷாப்ட் கடைந்துகொண்டிருந்தேன். நிமிரவில்லை. நிமிர்ந்தால் சொல்லிவிடுவேன் என்று பயம். மறுநாள் காலை தெருவில் ணங்கும் இல்லை, தொப்பும் இல்லை.

லேத் மேல் ஒரு பேப்பர் பொட்டலம் இருந்தது. உள்ளே நீல ஓரம் போட்ட துண்டு. அதோடு அந்த வளையல்.

யோசித்துப் பாருங்கள். துண்டை மட்டும் வைத்திருந்தால், "கண்டுபிடித்துவிட்டேன், திருடா" என்று அர்த்தம். அதை நான் தாங்கியிருப்பேன். வளையலை எதற்கு வைத்தார்? இதுதான் ஒரு வருடமாக என்னைப் போட்டு அரிக்கிறது. என் துண்டுகள் எல்லாம் அளவு சரியாக இருந்தன என்று சொல்கிறாரா? கேலியா? பரிசா? அந்த வளையலைக் கொடுத்துவிட்டு எந்த மனிதராவது நிம்மதியாக இருக்க முடியுமா?

மணப்பாட்டுக்கு இரண்டு தடவை போனேன். "கட்டையத் தட்டித் தட்டிக் கேப்பாரே, அவரா? இங்கனதான் இருந்தாரு, போன மாசம் போயிட்டாரு" என்றார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. போன் எடுக்கவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இந்தப் பத்திரிகையை டீக்கடையில் வாரா வாரம் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் வரைக்கும் ஒரு எழுத்து விடாமல் படிக்கிற ஆள் அவர். எங்கே இருந்தாலும் படிப்பார்.

சுள்ளி அண்ணாச்சி, கேளுங்கள். அன்றைக்கு வேன் முக்காணி வரைக்கும் ஓடியது என் கண்ணால் பார்த்தது. நான் அனுப்பிய நூறு ஒற்றர்களில் முக்கால்வாசிப் பேர் திரும்பி வரவில்லை, எரிந்து போனார்கள். எனக்கு வேண்டிய சாட்சி கிடைத்துவிட்டது. தோற்றது நான். வேனை நிறுத்தியதும் நான். இதைத் தெருவில் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, இப்போது ஊருக்கே சொல்லிவிட்டேன். லில்லியும் இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள். நாளைக்கு ரோசம்மா வாயில் வந்ததையெல்லாம் சொல்வாள். சொல்லட்டும்.

என் பங்கு முடிந்தது. இனி நீங்கள் பதில் சொல்ல வேண்டும். லெட்டர் வேண்டாம், போன் வேண்டாம். ஆட்டோ ஸ்டாண்டில், நீங்கள் அந்தப் பொய்யை இரண்டாம் தடவை சொன்ன அதே இடத்தில், அந்தோணி, ரோசம்மா, எல்லாரும் நிற்கும்போது வந்து சொல்லுங்கள். அன்றைக்கு டிரம்முக்குள் எதைப் பார்த்தீர்கள்? யாருடைய தப்பு அது? என்னைக் காப்பாற்ற உங்களை யார் கேட்டது? நீங்கள் சொல்லி முடித்ததும் அதே ஸ்டாண்டில் உட்கார்ந்து மீசையை எடுக்கிறேன். பிளேடு வாங்கி வைத்திருக்கிறேன்.

நீங்கள் விட்டுப் போன வேன் தெருமுனையில்தான் நிற்கிறது. டிரம்மை நான் திரும்ப மாட்டிவிட்டேன். சல்லடையைப் புதுசாகக் கடைந்து போட்டிருக்கிறேன். ரோசம்மா மாடியில் பதினோரு சாக்கு இருக்கிறது, எல்லாம் உடைமரம், பட்டை உரித்தது. ஒவ்வொரு துண்டையும் அந்த வளையலுக்குள் விட்டுப் பார்த்துத்தான் போட்டேன். தட்டியும் பார்த்துவிட்டேன். ஆனால் என் காதை எனக்கு நம்பிக்கை இல்லை.

கச்சான் நிற்பதற்குள் வந்து ஒரு தடவை தட்டிப் பாருங்கள், அண்ணாச்சி.